ஃபெரெட்டைப் பட்டினி போட்டால்தான் முயலைத் துரத்துமா?

8 அக்டோபர் 2023, மாலை. விருதுநகர் வாசகர் கேட்டது

இங்கிலாந்தில் இருக்கும் அண்ணனுக்கு. ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு பிராணியை முயல் பொந்துக்குள் விட்டு, வெளியே வலை போட்டுப் பிடிக்கிற வீடியோ பார்த்தேன். நம்ம பக்கம் முயலுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஜோடி கொண்டுவந்து வளர்த்தால் வேலைக்கு ஆகுமா? இரண்டு நாள் பட்டினி போட்டு விட்டால்தான் துரத்தும் என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். உண்மையா?

8 அக்டோபர் 2023, இரவு 11.10

ஆகாது தம்பி. உங்கள் ஊர் முயலுக்குப் பொந்தே கிடையாது. அது புல்லை அழுத்திப் படுத்துக் கிடக்கும், ஆபத்து வந்தால் எழுந்து ஓடும், அவ்வளவுதான். அதன் குட்டி கண் திறந்து மயிரோடு பிறக்கும். இங்கே இருப்பது குழி தோண்டிக் கூட்டமாக வாழ்கிற வேறு பிராணி, அதன் குட்டி குருடாக, மொட்டையாக, மண்ணுக்குள் பிறக்கும். ஆங்கிலத்தில் ஒன்று ஹேர், இன்னொன்று ராபிட். நாம் இரண்டையும் முயல் என்று சொல்லிவிட்டதால் வந்த வினை இது. பொந்து இல்லாததைப் பிடிக்கப் பொந்துக்குள் போகிறவன் எதற்கு? நம் பக்கம் சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் வளர்த்ததற்குக் காரணமே வெட்டவெளியில் ஓடிப் பிடிக்க வேண்டும் என்பதுதான்.

அடுத்தது சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே காட்டு முயல் வேட்டை குற்றம், ஜெயிலுக்குப் போகலாம். அடுத்தது வெயில். ஃபெரெட்டுக்கு வியர்க்காது, முப்பது டிகிரி தாண்டினாலே நாக்கைத் தொங்கப் போட்டுச் சுருண்டுவிடும். விருதுநகர் மே மாதத்தில் ஒரு பகல் தாங்காது.

இரண்டு நாள் பட்டினி என்பது சுத்தப் பொய். ஆனால் வேலைக்கு முந்தின இரவு பாதி வயிறு போட்டால் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கும். ஆறு சீசன் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

9 அக்டோபர் 2023

காலையில் எழுந்து பார்த்தால் "கீரி இருக்கும்போது இது எதற்கு" என்று நாலு பேர். கீரி வேறு வம்சம். ஃபெரெட் நீர்நாயின் சொந்தக்காரன், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற நீலகிரி மார்ட்டனுக்கும் பங்காளி முறை. ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு காட்டுப் பிராணி உண்டு, அதைப் பழக்கிப் பழக்கி வந்தது இது. அகராதியில் தேடினால் மரநாய் என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள், நம் மரநாய் பனையேறிக் கள்ளைக் குடிக்கிற வேறு ஆசாமி. நான் ஃபெரெட் என்றே எழுதுகிறேன். லத்தீனில் "குட்டித் திருடன்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயராம். என் வேன் சாவி இரண்டு தடவை கூண்டின் வைக்கோலுக்கு அடியில் கிடைத்திருக்கிறது, அதனால் பெயர்ப் பொருத்தத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

கீரியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. 1872ல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க இந்தியாவிலிருந்துதான் ஒன்பது கீரிகளைக் கொண்டுபோனார்கள். கொஞ்ச காலம் எலி குறைந்தது. அப்புறம் கீரி கோழியையும் காட்டுப் பறவையையும் பிடிக்க ஆரம்பித்தது. "ஒரு ஜோடி கொண்டு வரலாமா" என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த ஒன்பது கீரிகள்தான் ஞாபகம் வரும்.

15 அக்டோபர் 2023

இந்த சீசன் வேட்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வேலி ஓரமெல்லாம் இடுப்பு உயரம் காஞ்சொறி நிற்கிறது, பொந்து வாய் எங்கே என்றே தெரியாது. அதைவிட முக்கியம், மண்ணுக்குள் குட்டி இருக்கக் கூடாது. குட்டி இருந்தால் ஃபெரெட் அங்கேயே கொன்று தின்று தூங்கிவிடும், நாம் மேலே நின்று கொட்டாவி விடலாம். இரண்டு மூன்று உறைபனி விழுந்து களை மடிந்ததும் போவோம். மார்ச்சோடு மூட்டை கட்டிவிட வேண்டும்.

என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு: மூன்று. பஞ்சு, வெள்ளைப் பெட்டை, கண் சிவப்பு. சில்லி, பழுப்பு, சின்ன உடம்பு. கரியன், ஆண், ஒன்றரைக் கிலோ, சோம்பேறி. பெட்டையை ஜில் என்பார்கள், ஆணை ஹாப். வெள்ளையின் வசதி என்னவென்றால் புதருக்குள் புகுந்தாலும் பளிச்சென்று தெரியும், நாய் முயல் என்று நினைத்துக் கவ்வாது.

29 அக்டோபர் 2023

நேற்று முதல் நாள். நான் இருப்பது தெட்ஃபோர்டுக்குப் பக்கம், நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேருகிற பிரெக்லாந்து. முழுக்க மணல் பூமி, காரட்டும் சர்க்கரை பீட்டும் போடுவார்கள், ஊடே பைன் மர வரிசை. மணல் என்றால் முயலுக்குக் கொண்டாட்டம். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் இறைச்சிக்கும் தோலுக்கும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து, வேலி கட்டி, காவல் போட்டு வளர்த்த பிராணி இது. தெட்ஃபோர்டு காட்டுக்குள் 1400 வாக்கில் கட்டிய முயல் காவல் கோபுரம் இன்னும் நிற்கிறது, கனத்த கல் சுவர், உள்ளே ஆயுதத்தோடு ஆள். முயலுக்குப் போய்க் கோட்டையா என்று முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். 1390ல் ஒரு சட்டம், வருடம் நாற்பது ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவன் வேட்டை நாயோ ஃபெரெட்டோ வலையோ வைத்திருக்கக் கூடாது என்று. ஏழை ஃபெரெட் வைத்திருந்தால் திருடன் என்று கணக்கு. பெயரிலேயே திருடன் இருக்கிறானே.

சரி, நேற்று. விவசாயி காட்டியது காரட் வயலை ஒட்டிய மேடு. பதினாலு வாய் எண்ணினேன். காற்றுக்கு எதிர்ப்பக்கமிருந்து போக வேண்டும், பேசக் கூடாது, வேன் கதவை அறைந்து சாத்தக் கூடாது. மேலே நாம் தொம் தொம் என்று நடந்தால் கீழே முயலுக்கு மேளம் கொட்டிச் சொன்ன மாதிரி, அப்புறம் எந்த ஃபெரெட் போனாலும் அது வெளியே வராது.

ஒவ்வொரு வாயிலும் ஒரு வலை. பாட்டியின் சுருக்குப்பை தெரியும் இல்லையா, இடுப்பில் செருகி வெற்றிலையும் சில்லறையும் போட்டு வைப்பாளே, அதேதான். வலையைச் சுற்றி ஒரு கயிறு, இரண்டு பக்கம் வளையம், கயிற்றின் நுனியில் மரக்குச்சி. குச்சியை மண்ணில் அடித்துவிட்டு வலையை வாய்மேல் விரித்துப் போட்டால், முயல் பாய்கிற வேகத்தில் கயிறு இழுபட்டுப் பை மூடிக்கொள்ளும். ஆங்கிலத்திலும் இதற்குப் பர்ஸ் வலை என்றுதான் பெயர். சணல் நூலில் பின்னியது அழகாகப் படியும், ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். நைலான் மக்காது, ஆனால் எல்லாவற்றிலும் சிக்கும். என்னிடம் பாதிக்குப் பாதி இருக்கிறது, இரண்டையும் திட்டுவேன்.

பஞ்சுவின் கழுத்தில் லொகேட்டர் பட்டையைக் கட்டி உள்ளே விட்டேன், மண்ணுக்குள் எங்கே இருக்கிறாள் என்று மேலே என் கையிலிருக்கும் கருவிக்குச் சொல்வது அது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் காலுக்கு அடியில் 'டும்'. அந்தச் சத்தத்தைக் கேட்காதவருக்கு எழுதிப் புரியவைக்க முடியாது, காதில் கேட்பதற்கு முன் உள்ளங்காலில் கேட்கும். அடுத்த நொடி மூன்றாவது வலை துள்ளியது. ஓடிப்போய்ப் பிடித்து, உடனே கழுத்தை முறிக்க வேண்டும். இதை எழுதாமல் வலை, சுருக்குப்பை, பாட்டி என்று மட்டும் எழுதினால் அது பொய். ஒரு நொடியில் முடிக்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு வரக் கூடாது.

மத்தியானத்துக்குள் ஏழு. எட்டாவது, நான் எண்ணாத பதினைந்தாவது வாய் வழியாக முள்ளுக்கு அடியிலிருந்து கிளம்பி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

கரியன் கதை வேறு. வேலை முடித்து வாய் வரைக்கும் வருவான், மூக்கைக் காட்டுவான், நான் கையை நீட்டியதும் உள்ளே போய்விடுவான். மூன்று தடவை. பிடிவாதக் கழுதை.

29 அக்டோபர் 2023, இரவு

"ஃபெரெட் முயலைக் கவ்விக்கொண்டு வருமே, வீடியோவில் பார்த்தேன், வலை எதற்கு" என்று ஒருத்தர் விடாமல் எழுதுகிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற கட்சி. பெரும்பாலும் கவ்விக்கொண்டு வராது. முக்கால் கிலோ பெட்டை ஒன்றரைக் கிலோ முயலைப் பொந்துக்குள் இழுத்து வருவது அபூர்வம். அதன் வேலை துரத்துவது மட்டும். ஸ்ட்ராபோ என்கிற கிரேக்கர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறார், ஸ்பெயினில் வாய்க்கூடு போட்டுப் பொந்துக்குள் விடுவார்கள், வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள் என்று.

30 அக்டோபர் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஸ்ட்ராபோவே அதே இடத்தில், நகத்தால் பிராண்டி வெளியே இழுத்தும் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆக அந்த நண்பருக்கு அரைக் கால் கொடுக்கிறேன், மூன்றரை.

நகம் என்றதும் இன்னொன்று. வெளியே வந்த ஃபெரெட்டின் நகத்தைப் பாருங்கள். முயல் மயிர் சிக்கியிருந்தால், உள்ளே ஒரு முயல் முட்டுச்சந்தில் தலையை விட்டுப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இவள் அதன் முதுகைப் பிராண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று அர்த்தம். மயிர் இருந்தால் தோண்டு, இல்லையென்றால் அடுத்த மேட்டுக்கு நட.

5 நவம்பர் 2023

தோண்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் செய்யாறு பக்கம். சின்ன வயதில் அறுப்பு முடிந்ததும் இருளர்கள் வரப்பில் எலி வெட்ட வருவார்கள். எந்த வளையில் எலி இருக்கிறது, எது காலி என்று வாயில் கிடக்கிற மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மற்ற வாய்களை மண் போட்டு அடைத்து, ஓட்டைப் பானையில் வைக்கோல் நெருப்பு வைத்து ஊதிப் புகையை உள்ளே அனுப்புவார்கள், அப்புறம் கடப்பாரை. நாங்கள் சிறுவர்கள் சுற்றி நின்று கத்துவோம், அந்தப் பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், வாயை மூடிக்கொள்வோம்.

இங்கே வந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் தடவை என்னை மேட்டுக்குக் கூட்டிப்போனபோது நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதே பார்வை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவைக்க அன்று சாயங்காலம் வரை ஆயிற்று. எண்பது தாண்டியவர், முழங்கால் போய்விட்டது, ஃபெரெட் கூண்டைச் சுத்தம் செய்ய உதவி கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். பஞ்சுவின் அம்மா அவர் வீட்டுப் பெட்டை.

12 நவம்பர் 2023, காலை 7.40

பஞ்சு கிடைத்துவிட்டாள். இன்னும் கை நடுங்குகிறது, தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று பைன் வரிசைக்கு அடியில் பெரிய மேடு, முப்பது வாய்க்கு மேல், தனியாகப் போயிருக்கவே கூடாது. முதல் இரண்டு முயல் வந்தது. அப்புறம் சத்தமில்லை. லொகேட்டரைத் தரையோடு தரையாக வீசிப் பார்த்தேன், ஒரு வேர்ப்பக்கம் பீப் பீப் என்றது, நாலடி ஆழம் காட்டியது. தோண்ட ஆரம்பித்தேன். மூன்றடி போனதும் பீப் நின்றுவிட்டது. மணி இரண்டரை. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டு. தோண்டிய குழியை விட்டுவிட்டு இன்னொன்று, அதை விட்டு இன்னொன்று. மணல் சரிந்து சரிந்து மூடுகிறது. இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் முழங்காலில் உட்கார்ந்து பொந்துக்குள் "பஞ்சு, பஞ்சு" என்று கூப்பிட்டேன், யாராவது பார்த்திருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்கள்.

பெரியவருக்குப் போன் போட்டேன். எல்லா வாயையும் மண் போட்டு மிதி, ஒன்றை மட்டும் விடு, அங்கே அவள் வந்த பெட்டியை வைத்து உள்ளே வைக்கோலும் முயல் ஈரலும் போடு, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். அதேதான் செய்தேன், தூக்கத்தைத் தவிர. காலை ஐந்தரைக்குப் போனால் பெட்டிக்குள் சுருண்டு தூங்குகிறாள். வயிறு பானை மாதிரி. உள்ளேயே ஒன்றைக் கொன்று மூக்கு முட்டத் தின்றிருக்கிறாள். நாங்கள் அழுதுகொண்டிருக்க அம்மணிக்கு விருந்து.

படுத்துக்கொள்கிற புத்தி அவளுக்கு வந்துவிட்டது போல. இனி சில்லியைத்தான் நம்ப வேண்டும்.

13 நவம்பர் 2023

பீப் ஏன் நின்றது என்று கேட்டவருக்கு. பேட்டரி. போன மார்ச்சில் போட்டது, மாற்றவில்லை. மாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், நேற்று கழற்றிப் பார்த்தபோது பழசு. இனி ஒவ்வொரு காலையும் புதுசு. நாலு காசு மிச்சம் பிடித்து ஒரு ராத்திரி போனது.

26 நவம்பர் 2023

"இது கொடுமை, பாவம்" என்று எழுதிய சகோதரிக்கு. கோபமில்லை. நீங்கள் சொன்னதை ஒரு வாரம் யோசித்தேன்.

இங்கே 1954லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். விஷ வாயு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், துப்பாக்கி இருக்கிறது. 1953ல் மிக்சோமாடோசிஸ் என்கிற நோய் இந்த நாட்டுக்குள் வந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முயல்களைக் கொன்றது. கண் வீங்கிச் சீழ் பிடித்து, காது கேட்காமல், நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கும். இப்போதும் அப்படி ஒன்று கண்ணில் படும், அதைப் பார்த்தவர்கள் வலையைக் கொடுமை என்று சொல்வதற்குக் கொஞ்சம் தயங்குவார்கள். ஃபெரெட்டிலும் கொடுமை இருந்தது. கீழே கொல்லாமல் இருக்க அந்தக் காலத்தில் வாயைக் கட்டுவார்கள், சிலர் உதட்டையே தைத்திருக்கிறார்கள். அப்படிக் கட்டிய ஒன்று உள்ளே தொலைந்தால் பட்டினியில் சாகும். இன்று அதைச் செய்தால் விலங்கு நலச் சட்டத்தில் மாட்டுவார்கள், மாட்ட வேண்டும்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதை நானே சொல்கிறேன். 1990களில் இருந்ததைவிட இந்த நாட்டில் முயல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, இன்னொரு ரத்தப்போக்கு நோயும் சேர்ந்துகொண்டது. பிரெக்லாந்தின் சில புல்வெளிகளில் முயல் மேயாததால் புல் உயர்ந்து, ஸ்டோன் கர்லியூ என்கிற பறவை முட்டையிட மொட்டைத் தரை இல்லை. அங்கெல்லாம் முயல் திரும்பி வரட்டும் என்று கிளைகளைக் குவித்து வைக்கிறார்கள். இந்த முயல் பிறந்த ஸ்பெயின் பக்கத்தில் கணக்கெடுத்து, அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றே 2019ல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ரோமானியர் காலத்தில் ஸ்பெயினுக்குப் பக்கத்துத் தீவுக்காரர்கள், முயல் தொல்லை தாங்காமல் படை அனுப்பும்படி அகஸ்டஸிடம் கேட்டார்களாம், அதே பிராணி. ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் காரட் வயலில் நான் பிடிக்கிறேன், அந்தப் பக்கம் ஒருவர் வா வா என்று வீடு கட்டிக் கொடுக்கிறார். இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிக்கிறோம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. காரட் வயல்காரர் கூப்பிட்டால் போவேன், மற்ற மேட்டைத் தொட மாட்டேன்.

17 டிசம்பர் 2023

சாப்பாடு பற்றி எழுதுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளியதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

பழைய ஆட்கள் பாலில் ரொட்டியை ஊறவைத்துப் போடுவார்கள், கழிச்சலும் எலும்பு பலவீனமும்தான் மிச்சம். இது முழு மாமிசப் பட்சிணி. முயல், கோழிக்குஞ்சு, எலும்போடு மயிரோடு, அல்லது அதற்கென்றே விற்கிற உலர் தீவனம். குடல் ரொம்பக் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் நாளுக்கு ஒரு வேளை என்று நாய்க்குப் போடுகிற கணக்கு ஆகாது. ஒரு நாளில் பதினைந்து பதினாறு மணி நேரம் தூங்கும், விழித்திருக்கிற நேரமெல்லாம் தின்னும், விளையாடும், திருடும்.

இப்போது அந்தக் காரணம். அக்டோபர் 8ல் பாதி வயிறு என்று அனுபவஸ்தன் தோரணையில் எழுதினேன் அல்லவா. அதற்கு அப்புறம் இரண்டு பேர் "பாதியா, முழுப் பட்டினியா" என்று சண்டை போட்டார்கள். நவம்பர் 10 வெள்ளிக்கிழமை இரவு, சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று பஞ்சுவுக்கு ஒன்றுமே வைக்கவில்லை. காலையிலும் வைக்கவில்லை. அவளுடைய குடலுக்கு அது நாலு வேளைப் பட்டினி. பசியில் இருப்பவள் முயலைத் துரத்துவாளா, கொன்று தின்பாளா? தின்றாள், தின்றவள் தூங்கினாள். அன்று இருட்டில் போன் போட்டபோது பெரியவர் முதலில் கேட்டதே "கடைசியாக எப்போது சாப்பாடு போட்டாய்" என்பதுதான். நேற்று ராத்திரி என்று பொய் சொன்னேன். எண்பது வயது மனிதரிடம், முழங்காலில் உட்கார்ந்துகொண்டு. இங்கேயும் முதலில் அவள் புத்தி என்றேன், அப்புறம் பேட்டரி என்றேன்.

ஆக விருதுநகர் தம்பிக்குத் திருத்திய பதில்: பட்டினி வேண்டாம், பாதியும் வேண்டாம். இரவு வழக்கம் போல. காலையில் கிளம்பும் முன் ஒரு வாய். நடுவில் தண்ணீரும் இன்னொரு வாயும். துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது, வயிற்றில் இல்லை.

18 டிசம்பர் 2023

ஆமாம், அவரிடமும் சொல்லிவிட்டேன். தெரியும் என்றார்.

16 ஜனவரி 2024

பொங்கலுக்கு லண்டனிலிருந்து சகலை குடும்பம். கொல்லைப்புறம் வந்ததும் மூக்கைப் பொத்தினார்கள். இதற்கே இப்படி என்றால் வசந்த காலத்தில் கரியன் தன் மூத்திரத்திலேயே குளித்துவிட்டு நிற்கும்போது வர வேண்டும். வீட்டுக்காரி போட்ட நிபந்தனை ஒன்றுதான், ஃபெரெட்டைத் தொட்ட சட்டையோடு சமையலறைக்குள் வரக் கூடாது. சகலையின் மகள் மட்டும் சில்லியை விடவே இல்லை. சில்லி சந்தோஷம் வந்தால் முதுகை வளைத்து நாலு பக்கமும் குதிப்பாள், 'டுக் டுக் டுக்' என்று ஒரு சத்தம். அதைப் பார்த்து அந்தப் பெண்ணும் குதிக்க, கூடம் ரெண்டுபட்டது.

தூக்கும்போது பின்னாலிருந்து தோளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், கையைப் பாதியில் இழுக்கக் கூடாது. பாதியில் இழுத்தால் கடிக்கும், கடித்தால் விடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. யார்க்ஷயரில் இரண்டு ஃபெரெட்டைப் பேன்ட்டுக்குள் விட்டுக் காலில் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று போட்டியே நடத்துவார்கள், 1981ல் ரெஜ் மெல்லர் என்பவர் 5 மணி 26 நிமிடம் நின்றார். இந்தத் தழும்பு இருக்கிறவன் அந்தச் சாதனையை மதிப்பான்.

சகலைக்கு ஜலதோஷம், அதனால் அவரைக் கூண்டுப் பக்கம் விடவில்லை. அவர் கோபித்துக்கொண்டார். நம் ஃப்ளூ ஃபெரெட்டுக்கு அப்படியே தொற்றும். 1933ல் லண்டனில் மனித ஃப்ளூ கிருமியை முதன்முதலில் பிடித்ததே ஃபெரெட்டை வைத்துத்தான், அதில் ஒன்று ஆராய்ச்சியாளர் முகத்தில் தும்மி அவரையும் படுக்கப் போட்டது. இதைச் சொன்னதும் சகலை இரண்டடி பின்னால் போனார்.

முயல் கறி பற்றிக் கேட்டவர்களுக்கு: கொழுப்பே இல்லாத கறி, வறுவல் என்று நேரடியாக இறங்கினால் செருப்புத்தோல். முதலில் இஞ்சி பூண்டோடு முக்கால் மணி நேரம் வேகவைத்துவிட்டு, அப்புறம் மிளகு, சோம்பு, நல்லெண்ணெய்.

4 பிப்ரவரி 2024

நியூசிலாந்தில் இருக்கும் நண்பர் "எனக்கும் ஒன்று வாங்கலாமா" என்றார். அங்கே 2002லிருந்து விற்கவும் வளர்க்கவும் தடை. 1880களில் முயலை ஒழிக்க ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். முயல் ஒழியவில்லை, பறக்கத் தெரியாத கிவிதான் மாட்டிக்கொண்டது. அந்த ஒன்பது கீரிகளின் கதைதான் திரும்பவும். கூண்டுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்ப்பது இதனால்தான். முதல் வருடம் சில்லி ஒரு ராத்திரி தப்பிப் போய்ப் பக்கத்துத் தெருவில் யாருடைய கோழிக்கூட்டிலோ கிடைத்தாள், இரண்டு கோழிக்குப் பணம் கட்டினேன்.

3 மார்ச் 2024

பெட்டை வளர்ப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். வசந்தத்தில் பகல் நீண்டதும் ஜில்லுக்குப் பருவம் வரும். ஆண் சேராமல் அது தானாக அடங்காது, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், உடம்பில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தம் ஊறாமல் செத்துப்போகும். குட்டி வேண்டும் என்றால் சேருங்கள், நாற்பத்திரண்டு நாளில் ஆறு எட்டு குட்டி, வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேண்டாம் என்றால் மருத்துவரிடம் ஹார்மோன் ஊசி, அல்லது தோலுக்கடியில் வைக்கிற மருந்து, அல்லது குடும்பக் கட்டுப்பாடு செய்த ஆண். நான் ஊசிக் கட்சி. முதல் வருடம் இது தெரியாமல் "என்ன, பின்பக்கம் வீங்கியிருக்கிறதே" என்று மூன்று வாரம் வேடிக்கை பார்த்தவன் நான், பெரியவர் பார்த்து என்னைக் கிட்டத்தட்ட அடித்தே விட்டார்.

10 மார்ச் 2024

நேற்று கடைசி நாள். பெரியவரை வேனில் உட்கார வைத்து அந்தப் பைன் மேட்டுக்கே போனேன், மடக்கு நாற்காலி, போர்வை, ஃபிளாஸ்க். மூன்றையும் இரவும் காலையும் ஊட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பஞ்சு இறங்கினாள், நாலு முயல். புது பேட்டரி. தோண்டவே இல்லை.

கரியன் வழக்கம் போல வாயில் மூக்கைக் காட்டினான். நான் எழுந்தேன். பெரியவர் கைத்தடியால் என் முழங்காலைத் தட்டி உட்காரச் சொன்னார். கையை நீட்டாதே, தரையில் வை, வேறு பக்கம் பார். ஐந்து நிமிடம் ஆயிற்று. கரியன் வெளியே வந்து, என் விரலை மோந்து, கைமேல் ஏறிப் போய் என் பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றான். அக்டோபரில் கழுதை என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் பாய்ந்து பாய்ந்து பிடித்து, வெளியே வந்தால் ஆட்டம் முடிந்தது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

வலைகளை உதறிக் கொட்டகையில் காயப் போட்டிருக்கிறேன், சணலில் ஆறு பின்ன வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை பஞ்சுவுக்கும் சில்லிக்கும் ஊசி. கரியனை நாளைக்கே தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும், நாற ஆரம்பித்துவிட்டான்.